மீன்கார டீப் ஃப்ரீசரில் பிளாஸ்டிங் பெட்டி: கன் செட் ரிவ்யூ

சாண்ட் பிளாஸ்டிங், அதாவது காற்றோடு துகளை வேகமாக அடித்துத் துருவையும் பெயின்டையும் உரிக்கிற வேலை, அதற்கான கன் செட் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதை வாங்கி, தூசி வெளியே வராமல் கையை மட்டும் உள்ளே விட்டு அடிக்கிற பெட்டியை நாமே கட்டிக்கொள்ளலாமா என்று பட்டறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். வாங்கலாம். கன் சுமார் ரகம், கூட வருகிற டியூப் குப்பை, கிளவுஸ் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது, துகள் வெளியே பாயும் முனையான நாசில் தேயத் தேய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய சாமான். ஆனால் செட்டை எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் வேலை நடக்குமா நடக்காதா என்பது அதில் தெரியாது. பின்னாலிருந்து எவ்வளவு காற்று வருகிறது, அடித்த தூசி எங்கே போகிறது, இந்த இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்துக்கு மூன்று ஸ்டார் கொடுக்கிறேன், அதில் ஒன்று கிளவுஸுக்கு.

நம்ம பட்டறை வடசென்னை தண்டையார்பேட்டையில். பெரும்பாலும் பழைய புல்லட் வேலை. 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்த பக்கம் என்பதால் இங்கே வீட்டுக்கு ஒரு தாத்தா வண்டி தார்ப்பாய்க்குள் இருக்கும் என்று சொன்னால் கொஞ்சம் ஓவர், தெருவுக்கு ஒன்று நிச்சயம். எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்று வைத்திருக்கும். வயர் பிரஷ், உப்புத்தாள், பெயின்ட் ரிமூவர் எல்லாம் தட்டையான இடத்துக்குச் சரி, சிலிண்டர் ஃபின்களுக்கு நடுவே விரலே போகாது, பிரஷ் எங்கே போகும்? வெளியில் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்கலாம், சேஸ் மாதிரி பெரிய சாமானை இன்றைக்கும் அப்படித்தான் கொடுக்கிறேன். பிரச்சினை அலுமினியத்தில். இரும்பு கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற அதே முரட்டு கிரிட்டை, அதாவது கூரான துகளை, அதே பிரஷரில் அடித்துவிடுகிறார்கள். ஓரிடத்தில் கொடுத்து வாங்கிய டைமிங் கவர், கேஸ்கட் உட்காரும் முகம் வரைக்கும் கொத்திக் கொத்தி வந்தது, ஆயில் ஒழுகாமல் அதை மூடவே முடியவில்லை. சின்ன சாமானை நம் கையாலேயே அடித்துக்கொள்வது என்று முடிவு செய்தது அதற்கப்புறம்தான்.

செட்டுக்குள் என்ன இருக்கிறது என்றால், அலுமினிய வார்ப்பில் ஒரு கன், 4 முதல் 7 மில்லிமீட்டர் வரை நாலு செராமிக் நாசில், ஸ்டீல் ஏர் ஜெட் ஒன்று, ஒன்றரை மீட்டர் கண்ணாடி மாதிரி பிவிசி டியூப், ஒரு உறிஞ்சு குழாய், முழங்கையைத் தாண்டும் ரப்பர் கிளவுஸ் ஒரு ஜோடி, ஜன்னலுக்கு ஒட்ட இரண்டு பிலிம். பிராண்டு பெயர் எங்கும் கிடையாது. விலை ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது.

இது சைஃபன் வகை, அதாவது உறிஞ்சி அடிக்கிறது. உள்ளே இருக்கும் ஜெட் வழியாகக் காற்று சீறிப் பாயும்போது அதைச் சுற்றி அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவுக்குக் கீழே கிடக்கும் துகள் டியூபில் ஏறி வந்து காற்றோடு கலந்து நாசில் வழியாக அடிக்கிறது. துகளை அழுத்தத் தொட்டியில் (பிரஷர் பாட்) போட்டு அடிப்பதைவிட வேகம் நன்றாகவே குறைவு, ஆனால் பெட்டிக்குள் அடிக்கிற வேலைக்கு இதுதான் லாயக்கு, அடித்த துகளே கீழே விழுந்து திரும்ப ஏறிக்கொள்ளும், நிறுத்தி நிறுத்தி நிரப்ப வேண்டியதில்லை. ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: நாசில் துளை ஜெட் துளையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இந்த செட்டின் ஜெட் 3 மில்லிமீட்டர், அதனால் 6 நாசில்தான் ஜோடி. 4ஐப் போட்டால் காற்றுக்கு முன்னால் வழி போதாமல் டியூப் வழியாகப் பின்னால் இறங்கி, துகளுக்குள் குமிழி விடும். நாலு நாசில் தருகிறார்கள் என்று மகிழ்ந்துவிட வேண்டாம், உபயோகப்படுவது ஒன்று.

அந்த ஒன்றும் நிரந்தரம் இல்லை. ப்ரவுன் அலுமினா (கூரான அலுமினியம் ஆக்சைடு துகள்) போட்டு அடித்தால் செராமிக் நாசில் சில மணி நேரத்திலேயே தேய ஆரம்பிக்கிறது. 6 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டின் வாலைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். புது நாசிலில் அது அடம்பிடித்து நுழையும், தேய்ந்ததில் தொளதொளவென்று ஆடும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டம் ஒரு பக்கம் முட்டையாக நீண்டிருக்கும். ஒரு பக்கமாகத் தேய்கிறது என்றால் ஜெட்டும் நாசிலும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம், எனக்கு வந்த கன்னில் அந்தக் கோளாறு உண்டு, ஜெட்டைப் பிடிக்கும் திருகைத் தளர்த்தி ஒரு சுற்று திருப்பி வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. போரான் கார்பைடு நாசில் பல மடங்கு விலை, ஆனால் நாசிலையே மறந்துவிடலாம். கிளாஸ் பீட் (பொடிசான கண்ணாடி உருண்டை) மட்டும் அடிக்கிறவர்களுக்கு செராமிக்கே போதும்.

கன்னின் ட்ரிகர் பற்றிச் சொல்ல நல்லது எதுவும் இல்லை. வால்வு முதல் நாளே கசிந்தது, அழுத்திப் பிடித்தே இருந்தால் விரல் மரத்துப்போகும். ட்ரிகரை ஜிப் டை போட்டு நிரந்தரமாக இறுக்கிவிட்டு, காற்றுக்குக் கால் பெடல் வால்வு வைத்துக்கொண்டேன். பாரிஸ் கார்னர் பக்கம் செம்புதாஸ் தெரு சுற்றுவட்டாரத்து ஹார்டுவேர் கடைகளில் இந்த வால்வு, ஃபிட்டிங், பின்னல் ஹோஸ் எல்லாம் கிடைக்கும். சனிக்கிழமை மாலை மட்டும் போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

இப்போது அந்த டியூப். மெல்லிசான பிவிசி, தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு அது நூடுல்ஸாகிவிடுகிறது. கன் உறிஞ்ச ஆரம்பித்ததும் டியூப் தன்னைத்தானே சப்பிக்கொண்டு மூடிக்கொள்ளும், துகள் நின்று வெறும் காற்று வரும், விட்டால் திரும்ப விரியும், திரும்ப வரும். இருமல் மாதிரி விட்டுவிட்டு அடிப்பதைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் கன்தான் கோளாறு என்று தூக்கிப் போடுகிறார்கள். உள்ளே நூல் பின்னல் போட்ட ஹோஸ் அரை மீட்டர் போதும், கன்னுக்கும் துகளுக்கும் நடுவில் தூரம் குறையக் குறைய நல்லது. அப்புறம் உறிஞ்சு குழாய்க்குத் துகளோடு சேர்த்துக் கொஞ்சம் காற்றும் வேண்டும். குழாய் முழுசாகப் புதைந்திருந்தால் ஏறாது. குழாயின் மேல் பக்கத்தில், துகள் மட்டத்துக்கு மேலே இருக்கிற மாதிரி ஒரு சின்ன ஓட்டை போட்டு, அதன் மேல் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் சொருகி, ஓட்டையைப் பாதி மூடுவதும் திறப்பதுமாக வைத்துக்கொண்டால் எவ்வளவு துகள் ஏற வேண்டும் என்பதை அங்கேயே சரிசெய்யலாம். செட்டின் படத்தில் இதெல்லாம் ஒன்றும் கிடையாது.

காற்றுக்கு வருவோம், பணம் போகிற இடமே இதுதான். 3 மில்லிமீட்டர் ஜெட் 60 பவுண்டு பிரஷரில் நிமிடத்துக்கு 13, 14 கன அடி காற்றைக் குடிக்கும், 80 பவுண்டில் 17ஐத் தொடும். பட்டறைகளில் சாதாரணமாக இருக்கும் 2 எச்பி பெல்ட் கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் 7, 8 என்று போட்டிருக்கும், கையில் வருவது அதைவிடக் குறைவு. டேங்க் 150 லிட்டர் இருந்தால் நிரம்பின டேங்கில் ஒரு இரண்டு நிமிடம் ஜோராக ஓடும், அப்புறம் முள் இறங்கிக்கொண்டே போகும், நின்று காத்திருக்க வேண்டும். பஞ்சர் கடை 1 எச்பி வைத்து அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, அடிக்கலாம், டீ குடிக்க நிறைய நேரம் கிடைக்கும். 5 எச்பி போனால் த்ரீ ஃபேஸ் கனெக்ஷன் வேண்டும், வாடகை ஷெட்டில் அது தனி ராமாயணம். நான் செய்தது ஜெட்டைச் சின்னதாக்கியது: 2.5 மில்லிமீட்டர் ஜெட், 5 மில்லிமீட்டர் நாசில். துளை கொஞ்சம் குறைந்தாலும் காற்றுச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது, ஏனென்றால் கணக்கு விட்டத்தின் வர்க்கத்தில் போகிறது. அடிபடும் வட்டம் சிறுத்துவிடும், அதனால் என்ன, கார்புரேட்டருக்கு அதுவே மிச்சம்.

காற்றோடு தண்ணீர் வரும் என்பதை நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்ப்ரஸர் சூடாக்கி அழுத்தின காற்று ஹோஸில் குளிரும்போது தண்ணீராக இறங்கி, துகளை ஈரமாக்கிக் கட்டி கட்டியாக்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் காலையில் டேங்க் வால்வைத் திறந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் சாதாரணம். கம்ப்ரஸரை ஒட்டியே வாட்டர் செபரேட்டரை மாட்டினால் பிரயோசனம் கம்மி, அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும், நீராவியாகவே தாண்டிப் போய்விடும். ஷெட் சுவரில் ஜிஐ பைப்பை மேலும் கீழுமாக நாலு வளைவு ஓட்டி, ஒவ்வொரு கீழ் வளைவிலும் ஒரு டிரெயின் வால்வு வைத்து, காற்று ஆறின பிறகு கடைசியில் செபரேட்டர். இத்தனைக்கும் மேல் மழைக்காலத்தில் துகளைத் தகரத் தட்டில் கொட்டி வெயிலில் உலர்த்தி, சலித்துத்தான் போடுகிறேன்.

பெட்டிக்குப் பிளைவுட், ஷீட் மெட்டல், பழைய இரும்பு பீரோ என்று பலர் பலதில் கட்டுகிறார்கள். நான் எடுத்தது மூடி போட்ட டீப் ஃப்ரீசர். காசிமேட்டில் மீன், ஐஸ் வியாபாரம் செய்கிறவர்கள் கழித்துப் போடுவது வண்ணாரப்பேட்டை காயலான் கடைகளில் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும். உள்ளே மூன்றடிக்கு இரண்டடி கிடைத்தால் 19 இன்ச் ரிம் உள்ளே போய் ஒரு சுற்று திரும்பும். மூடியைச் சுற்றி கேஸ்கட் ரெடியாக இருக்கிறது, தூசி கசியாது, இரட்டைச் சுவருக்கு நடுவில் இருக்கும் ஃபோம் சத்தத்தையும் அமுக்கிவிடுகிறது, இரவு எட்டு மணிக்கு அடித்தாலும் பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் வாங்கினதும் கட்டரை எடுக்காதீர்கள். முதலில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டு கேஸை எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு வந்த அண்ணன் சொன்னது அப்படியே: "இப்ப வர்றது பாதி பத்திக்கிற கேஸு தம்பி, பொறி பட்டுச்சுனா அவ்ளோதான்." உண்மைதான், புது மாடல்களில் ஆர்600ஏ, ஆர்290 என்று பிடிப்பது ஐசோபியூட்டேனும் புரொப்பேனும், சிலிண்டர் கேஸுக்குச் சொந்தக்காரர்கள். பல ஃப்ரீசர்களில் குழாய் சுவருக்குள்ளேயே ஓடும், வெளியே பார்த்தால் தெரியாது. கேஸ் போன பிறகும் ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம், உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் (பியூ) ஃபோம் புகைந்தால் அந்தப் புகை விஷம். கை ஓட்டைகளை ஹோல் சாவிலும் ஜிக் சாவிலும் நிதானமாக அறுத்தேன்.

தட்டையான அடிப்பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டு, ஜிஐ ஷீட்டில் நாலு பக்கமும் சரிகிற தொட்டி அடித்து மாட்ட வேண்டும். சரிவு 45 டிகிரிக்குக் கீழே போனால் துகள் ஓரத்திலேயே உட்கார்ந்துவிடும், 60 என்றால் கவலையே இல்லை, ஆனால் பெட்டி உயரமாகிவிடும், குள்ளமானவர்கள் பலகை போட்டு நிற்க வேண்டும். மேலே சாமான் வைக்க வெல்ட் மெஷ். ஒரு ஓரத்தில் கம்ப்ரஸர் உட்காரும் மேடு உள்ளே துருத்திக்கொண்டிருக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள், போல்ட்டு நட்டு டப்பா வைக்கத் தோதாக இருக்கிறது. கை ஓட்டைக்கு 6 இன்ச் பிவிசி பைப்பில் வெட்டின வளையம், அதில் கிளவுஸை இழுத்து மாட்டி ஹோஸ் கிளாம்ப். மூடியில் ஜன்னல் அறுத்து 5 மில்லிமீட்டர் சாதா கண்ணாடி. அக்ரிலிக் போட்டால் முதல் வாரத்திலேயே மூடுபனி. செட்டில் வந்த பிலிமும் அப்படித்தான், ஒட்டினால் உரிக்கும்போது பசை நின்றுவிடுகிறது, லேமினேஷன் கடையில் தடி ஷீட் வாங்கி ஓரத்தில் டேப் போட்டு ஒட்டிக்கொள்வது உத்தமம். லைட் எல்ஈடி, அதற்கும் கண்ணாடி மறைப்பு.

கிளவுஸைப் பற்றி இரண்டு வரி. நல்ல கனம், தையல் இல்லாமல் வார்த்தது, விரல் நுனி மட்டும் இப்போதுதான் லேசாகச் சொரசொரப்பு தட்டுகிறது. கத்திரி வெயிலில் உள்ளே வியர்வை குளமாகும், ஒரு ஜோடி காட்டன் கிளவுஸ் முதலில் போட்டுக்கொண்டு கையை விட்டால் கழற்றும்போது மல்லுக்கட்ட வேண்டாம். ஒன்று கவனியுங்கள்: வறண்ட துகள் ரப்பரிலும் பிளாஸ்டிக் ஹோஸிலும் உரசி ஓடும்போது நன்றாகவே ஷாக் அடிக்கும். கன்னின் உலோக பாடியிலிருந்து மெஷ்ஷுக்கு, மெஷ்ஷிலிருந்து எர்த்துக்கு ஒரு செம்பு ஒயர் கட்டிவிட்டால் தீர்ந்தது.

தூசி விஷயத்தில் சிக்கனம் பார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பக்கத்தில் கடல் இருக்கிறதே, ரெண்டு பாண்டு மணல் அள்ளிச் சலித்துப் போட்டால் ஆகாதா என்று கேட்காத ஆள் இல்லை. ஆகாது. உப்பு மணலில் அடித்த இரும்பு பெயின்டுக்கு அடியிலேயே துருப்பிடிக்கும் என்பது சின்ன காரணம். பெரிய காரணம் சிலிக்கா. மணல் துகள் இரும்பில் மோதி உடையும்போது கண்ணுக்கே தெரியாத பொடியாகும், அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் சிலிகோசிஸ், அதற்கு குணப்படுத்தும் மருந்து கிடையாது. மணலால் அடிக்கும் இந்த வித்தைக்கு 1870இல் அமெரிக்காவில் டில்மன் என்பவர் பேட்டன்ட் எடுத்தார், பிரிட்டனில் வார்ப்படங்களை மணல் வைத்து அடிக்கக் கூடாது என்று 1949லேயே விதி போட்டுவிட்டார்கள். துருக்கியில் ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் அடித்த தொழிலாளர்களுக்கு இந்த நோய் வந்து 2009இல் அங்கே தடை வந்தது. நம் நாட்டுச் சட்டத்திலும் சிலிகோசிஸ் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. எம் சாண்டும் கல்லை உடைத்த பொடிதான், அதிலும் சிலிக்கா இருக்கிறது. பெயரில் மட்டும்தான் சாண்ட் இருக்க வேண்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

மணல் இல்லாவிட்டாலும் துருவும் பழைய பெயின்டும் தூசிதான், அந்தக் காலத்து பெயின்டில் ஈயமும் இருக்கலாம். பெட்டியிலிருந்து வேக்குவம் கிளீனர் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், காற்று உள்ளே வர எதிர்ப்பக்கம் தடுப்போடு ஒரு வழி. நேராக வேக்குவத்தில் விட்டால் ஃபில்டர் அரை மணியில் அடைத்து, ஜன்னலில் ஒன்றும் தெரியாது. நடுவில் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கிற கூம்பு) மாட்டினால் நல்ல துகளும் கனத்த தூசியும் சுழன்று பக்கெட்டில் விழுந்துவிடும். அந்தப் பக்கெட்டை அன்றன்றைக்கே கொட்டிவிடுங்கள், அலுமினியத் தூளும் துருத் தூளும் கலந்து கிடக்கும் இடத்தில் பொறி விழுவது நல்லதில்லை. மாஸ்க் இத்தனைக்கும் மேல் போட வேண்டும், பெட்டியைத் திறக்கும்போதும் பக்கெட் கொட்டும்போதும் முக்கியமாக. கைக்குட்டை கட்டுவது மாஸ்க் இல்லை.

சரி, ரிசல்ட் எப்படி? அலுமினியத்துக்கு கிளாஸ் பீட், 40 முதல் 50 பவுண்டு. கார்புரேட்டர் பாடி ஒன்றை எடுத்து, ஜெட் வழிகள் எல்லாவற்றையும் ரப்பர் அடைப்பான் போட்டு மூடி, ஒரு சாண் தூரத்திலிருந்து சாய்வாக வீசினால் கறுத்த மேல்தோல் நகர்ந்து நகர்ந்து அடியிலிருந்து மங்கலான முத்து வெள்ளை வரும். என் கஸ்டமர் ஒருவர் புதுசு வாங்கிப் போட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வந்தார், எழுத்து அச்சைக் காட்டித்தான் நம்பவைத்தேன். இரும்புக்கு ப்ரவுன் அலுமினா 80 மெஷ் (துகள் சைஸைச் சொல்லும் சல்லடை நம்பர்), 80 பவுண்டு, பெயின்ட் பிடிக்க நல்ல பிடிமானம் கிடைக்கிறது. அடித்த இரும்பை வெறும் கையால் தொடாதீர்கள், இந்தக் கடற்காற்றில் மறுநாள் வரைக்கும் வைக்கவும் வைக்காதீர்கள், மழை நாளில் மதியம் அடித்தது மாலைக்குள் ஆரஞ்சு தட்டிவிடும். எபாக்ஸி பிரைமரைக் கலக்கத் தயாராக வைத்துக்கொண்டுதான் பெடலில் கால் வைக்கிறேன்.

இன்ஜின் கேஸை மட்டும் உள்ளே விட யோசிக்கிறேன். ஆயில் ஓடும் சின்ன வழியில் ஒரே ஒரு பீட் தங்கினாலும் பேரிங்கைத் தின்றுவிடும், கழுவி, ஊதி, மறுபடி கழுவியும் திருப்தி வருவதில்லை. வெளிக் கவர், ரிம், ஹப், பிராக்கெட், போல்ட்டு, இவையே இந்தப் பெட்டிக்குப் போதும். மட்கார்டு உள்ளே அடங்காது.

கிளாஸ் பீட் தேடுகிறவர்களுக்கு: கடையில் வெறுமனே பீட் என்று கேட்டால் ரோட்டில் கோடு போடுகிற தெர்மோபிளாஸ்டிக் பெயின்டில் தூவுகிற பீடைக் கொடுப்பார்கள், விலை குறைவு, பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதில் பெரிசும் சின்னதும் கலந்திருக்கும், 5 மில்லிமீட்டர் நாசிலில் ஓடினாலும் அலுமினியத்தில் புள்ளி புள்ளியாக விழும். பிளாஸ்டிங்குக்கு என்று மெஷ் நம்பர் போட்ட மூட்டையாகக் கேளுங்கள், மூட்டையைப் பிரித்து ஒரு பிடி கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.